தலையும் வாலும்: முகவரியைச் சுருக்கும் வழக்கத்தின் கதை

திருவண்ணாமலைக் கோயில் சுவர்களிலுள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் ஊரை வெறும் பெயரால் குறித்துவிட்டு நகர்வதில்லை. பெண்ணையாற்றின் வடகரை, வாணகோப்பாடி, அண்ணாநாடு என்று பெரிய எல்லையிலிருந்து சிறிய எல்லைக்கு இறங்கி வந்து, கடைசியில்தான் திருவண்ணாமலையில் நிற்கின்றன. நொந்தா விளக்குக்கு ஆடு விட்டவரையும் நிலம் எழுதிவைத்தவரையும் இன்ன நாட்டு இன்ன ஊர் இன்னார் என்றே சொல்கின்றன. கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உளியும் உழைப்பும் செலவாகும். அப்படியிருந்தும் முகவரியில் யாரும் சிக்கனம் பார்க்கவில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தன. ஒரு தானத்தைப் பற்றிய வழக்கு மூன்று தலைமுறை கழித்தும் எழலாம். அப்போது சுவரின் முன் நின்று படிக்கிறவர் வேறு எவரையும் கேட்காமலே கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலம் எங்கே என்று அறிய வேண்டும். 1990இல் பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தொகுதிகளைப் புரட்டினால், இந்த நீளமான அடைமொழிகளே இன்றைக்கும் ஆய்வாளருக்குப் பிடிமானமாக இருப்பது தெரியும். இணைய விளம்பரத்தில் முகவரியைச் சுருக்குவது நல்லதா கெட்டதா என்று இன்று எழும் கேள்விக்கு இந்தச் சுவரிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. முகவரியின் நீளத்தைப் பற்றிய பேச்சாகத் தோன்றினாலும், அந்தக் கேள்வி உண்மையில் முகவரியைக் காப்பவர் யார் என்பதைப் பற்றியது. சுருக்கிய முகவரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது, எத்தனை காலம் இருக்கும், அதை மற்றவர்கள் பார்க்க முடியுமா என்பவையே சுருக்கத்தின் நன்மையையும் தீமையையும் முடிவு செய்கின்றன.

இந்த ஊரின் முகவரி மாறிக்கொண்டேயிருந்த வரலாறு இதற்கு நல்ல சான்று. பதினான்காம் நூற்றாண்டில் போசள அரசன் மூன்றாம் வல்லாளன் இங்கே தங்கி ஆண்டபோது அவன் கல்வெட்டுகளில் இது உண்ணாமலைப்பட்டணம். 1767இல் ஐதர் அலியோடு இவ்வூரருகே போரிட்ட கும்பினிப் படையின் ஏடுகளில் திரினோமலி. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரச் சுவடியில் இது தென்னார்க்காட்டைச் சேர்ந்த ஒரு வட்டம். பின்னர் வடார்க்காட்டுக்குப் போனது. 1989 செப்டம்பர் 30இல் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தின் தலைநகரானது. 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டிய தலைவர் பெயர்கள் நீக்கப்பட்டபோது சம்புவராயரும் முகவரியிலிருந்து விலகினார். நகராட்சியாக இருந்தது 2024இல் மாநகராட்சி ஆனது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் தென்னார்க்காடு என்று தவறாக எழுதிய ஒரு கடிதம் இங்கே வந்து சேர்ந்துவிடும். முகவரியில் ஒரு சொல் பழசானாலும் மற்ற சொற்கள் தாங்கிக்கொள்ளும். நீண்ட முகவரியில் மிகையாகத் தோன்றும் சொற்களெல்லாம் பிழை பொறுக்கும் இடம். சுருக்கிய குறியீட்டில் அந்த இடமே கிடையாது. ஏழெழுத்தில் ஓரெழுத்து பிசகினால் இணைப்பு எங்கும் போகாது, அல்லது முற்றிலும் வேறொருவர் வாசலில் போய் நிற்கும்.

முகவரி பழசாவதால் வரும் தொல்லையை இந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற பயணம் ஒன்றிலேயே காணலாம். பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன் 1896 ஆகஸ்டு 29இல் மதுரையை விட்டுக் கிளம்பினார். அவர் புரட்டிப் பார்த்த பழைய நிலப்படத்தில் திருவண்ணாமலைக்கு அருகிலிருந்த ரயில் நிலையம் திண்டிவனம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகவே தண்டவாளம் போட்டாகிவிட்ட செய்தி அந்தப் படத்துக்குத் தெரியாது. திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கி ரயிலேறியவரிடம், விழுப்புரத்தில் மாற வேண்டும் என்று சொன்னவர் உடன் பயணித்த ஒரு மௌல்வி. விழுப்புரத்தில் இறங்கி வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்தார். மாம்பழப்பட்டு என்று கண்டும், அது தாம் போகும் பாதையில் உள்ள ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரித்து, ரயிலிலும் கால்நடையாகவும் அரகண்டநல்லூர், கீழூர் என்று கடந்து, கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, திருக்கோவலூரில் மீண்டும் ரயிலேறி செப்டம்பர் 1 காலை வந்து சேர்ந்தார். அடகு பிடித்தவர் எழுதித் தந்த முகவரிச் சீட்டை வழியிலேயே கிழித்துப் போட்டார். திரும்ப வந்து மீட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. இந்த நிகழ்ச்சியில் நம் விவாதத்துக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இருக்கின்றன. வழிகாட்டும் பதிவு பழசாகும்போது, அதைத் திருத்த வழியில் மனிதர்களும் பலகைகளும் இருந்தால் பயணம் தவறாது. இரண்டாவது, ஒருமுறைக்கு மேல் தேவைப்படாத முகவரியைக் கிழித்தெறிவதில் இழப்பு ஏதுமில்லை. இணையச் சுருக்கு இணைப்பு இரண்டாம் வகைத் தேவைக்குப் பிறந்தது. முதல் வகைத் தேவைக்கு அதை வைத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

காசுக்காக முகவரியைச் சுருக்கும் பழக்கத்தைப் பரப்பியது தந்தி. இந்தியாவில் 1855இல் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டது. பிரிட்டனில் 1885 வரை பெறுநரின் முகவரிக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆண்டு முகவரியும் சொற்கணக்கில் சேர்ந்ததும், வணிகர்கள் ஒற்றைச் சொல் முகவரிகளைப் பதிவு செய்ய வரிசையில் நின்றார்கள். இங்கும் அந்த ஏற்பாடு வேரூன்றியது. கம்பெனிகளின் கடிதத் தாளிலும் விளம்பரத்திலும் தொலைபேசி எண்ணுக்கு மேலே ‘தந்தி’ என்று ஒரு வரி இருக்கும். அதில் ஒரு சொல்லும் ஊர்ப்பெயரும் மட்டும். ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்றைய சுருக்கு இணைப்பின் கூறுகள் எல்லாம் இதில் உண்டு: நினைவில் நிற்கும் குறுஞ்சொல், செலவு மிச்சம், விளம்பரத்தில் அடக்கம், பின்னால் ஒரு பதிவேடு. ஆனால் அந்தப் பதிவேடு அந்தந்த ஊர்த் தந்தி அலுவலகத்தில் இருந்தது. அரசுத் துறை அதற்குப் பொறுப்பு. ஊர்ப்பெயர் சுருக்கத்துக்கு வெளியே தெளிவாக நின்றது. அதைச் சுருக்க யாரும் நினைக்கவில்லை. சொல் குழம்பினாலும் ஊர் தெரியும், ஊரில் சேவகர் இருப்பார், அவருக்குக் கடை தெரியும். 2013 ஜூலை 14 நள்ளிரவோடு இந்தியத் தந்தி நின்றபோது இந்தச் சொற்கள் அனைத்தும் ஒரே நாளில் பொருளிழந்தன. ஆயினும் எந்தக் கடையின் வாடிக்கையாளரும் வழிதவறவில்லை, ஏனென்றால் அதே தாளில் முழு முகவரியும் அச்சாகியிருந்தது.

1972 ஆகஸ்டு 15இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண் இதே அறிவை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. ஸ்ரீராம் பிக்காஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்கத்தில் திருவண்ணாமலைத் தலைமை அஞ்சலகத்துக்கு 606601. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம்; அடுத்தடுத்த இலக்கங்கள் வட்டத்தையும் பிரிப்பு மாவட்டத்தையும் அஞ்சலகத்தையும் குறிக்கும். எண்ணைப் பார்த்தாலே ஓரளவு இடம் தெரியும். பட்டியல் பொதுவில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த எண் முகவரியின் இடத்தைப் பிடிக்கவில்லை. முகவரியின் அடியில் துணையாக நின்றது. சுருக்கம் என்பது முழுமையை அழித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்தியாவில் கிடையாது.

விளம்பரக்காரருக்கு மிச்சத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: எந்த விளம்பரம் பலன் தந்தது என்ற கணக்கு. அதுவும் இணையத்தில் பிறந்த ஆசை அல்ல. அஞ்சல்வழி வணிகம் ஓங்கிய காலத்தில் அமெரிக்க விளம்பரக்காரர்கள் ஒவ்வொரு பத்திரிகைக்கும் முகவரியில் ஒரு சிறு வேறுபாடு செய்தார்கள். ஒன்றில் ‘பிரிவு 12’, மற்றொன்றில் ‘பிரிவு 15’. வந்த கடிதங்களைப் பிரித்தாலே எந்தப் பத்திரிகை உழைக்கிறது என்று தெரிந்துவிடும். கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் எழுதிய விளம்பர நூல் இந்த எண்ணிக்கையையே தொழிலின் அடித்தளமாக்கியது. இந்தியாவில் 1877இல் வந்த வி.பி.பி. முறை அஞ்சல்வழி வணிகத்துக்குக் கால் கொடுத்தது: பொருள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும். 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன் அதற்கு முன்பு விளம்பர முகவராகவும் அஞ்சல்வழி வணிகராகவும் இருந்தவர். தமிழ்ப் பத்திரிகை உலகமே இந்த வணிகத்தின் தோளில் ஏறி வளர்ந்தது என்றால் மிகையில்லை. கவனிக்க வேண்டியது, முகவரியில் ரகசியக் குறி வைத்த அந்த விளம்பரங்களும் நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் மறைக்கவில்லை என்பதுதான். குறி இருந்தது முகவரியின் வாலில். தலை முழுதாகத் தெரிந்தது.

தலை, வால் என்ற இந்தப் பிரிவு இணைய முகவரிக்கு அப்படியே பொருந்தும். யாருடைய தளம் என்று சொல்லும் பகுதி தலை. அதற்குப் பின் சாய்கோடுகளும் கேள்விக்குறிகளும் கண்காணிப்புக் குறிகளுமாக நீள்வது வால். இந்து சமய அறநிலையத் துறையின் தளமுகவரியை வலமிருந்து இடமாகப் படித்தால், இந்தியா, அரசு, தமிழ்நாடு, அறநிலையத் துறை என்று அடுக்கடுக்காக இறங்குகிறது; அதற்கு முன்னால் கோயிலின் பெயரைச் சேர்த்தால் கோயிலுக்கு வந்துவிடலாம். வாணகோப்பாடி, அண்ணாநாடு, திருவண்ணாமலை என்ற கல்வெட்டு வரிசையும் இதே ஒழுங்கில்தான் இறங்குகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: நீ எங்கே போகிறாய், அது யாருடைய இடம் என்பதைப் போவதற்கு முன்பே சொல்லிவிடுகின்றன.

2002 ஜனவரியில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெவின் கில்பர்ட்சன் டைனியூஆர்எல் என்ற சேவையைத் தொடங்கினார். நீண்ட இணைப்புகள் மின்னஞ்சலில் வரி உடைந்து செத்துப்போயின. அதற்கு இது மருந்து. 2006இல் வந்த ட்விட்டர் 140 எழுத்து என்று வரம்பு வைத்ததும் சுருக்குவது வசதி என்ற நிலை மாறித் தேவையாகிவிட்டது. 2008இல் தொடங்கிய பிட்லி ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணிக் காட்டியதால் விளம்பரக்காரர்களின் கருவியானது. தமிழில் விளம்பரம் செய்கிறவருக்கு இந்தத் தேவை ஆங்கிலத்தைவிடக் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து கொள்ளும். தமிழ்க் குறுஞ்செய்தியில் 70 குறிகள்தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். ‘திருவண்ணாமலை’ என்ற ஒரு சொல்லே 12 குறி. அந்தச் சொல் இணைய முகவரியின் வாலில் தமிழிலேயே இருந்து, அதை உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒன்பது இடம் பிடித்து, மொத்தம் 108 எழுத்தாக விரிகிறது. ஒரு தமிழ்க் குறுஞ்செய்தியில் அதற்கே இடம் போதாது. தமிழ் விக்கிப்பீடியா தனக்கென்று ஒரு குறுமுகவரி ஏற்பாட்டை வைத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். க்யூஆர் கட்டத்துக்கும் இதே கணக்கு. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் உருவாக்கிய அந்தக் கட்டம் 21க்கு 21 புள்ளியில் தொடங்கி 177க்கு 177 வரை போகும். முகவரி நீண்டால் புள்ளிகள் நெருங்கும், கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே ஒருவர் கைபேசியைக் காட்டினால் படிக்காது.

திருவண்ணாமலையின் சிறு வணிகருக்குச் சுருக்கு இணைப்பு தரும் பயனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற வருகிறார்கள்; கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் இன்னும் பெருகும். ஒரு லாட்ஜ் உரிமையாளர் சென்னைக்கு ஒரு விளம்பரம், பெங்களூருக்கு ஒரு விளம்பரம், ஆந்திரத்துக்குத் தெலுங்கில் ஒரு விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் மூன்று சுருக்கு இணைப்பு கொடுத்தால், எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்நேரத்தில் எந்தக் கருவியில் சொடுக்கினார்கள் என்று செலவில்லாமல் தெரிகிறது. அடுத்த பௌர்ணமிக்குப் பணத்தை எங்கே போடுவது என்பதை ஊகத்தை விட்டுக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார். அறைகள் நிறைந்துவிட்டால், இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தை மாற்றிவிட்டு, அச்சடித்த துண்டறிக்கையை அப்படியே விட்டுவிடலாம். பெரிய நிறுவனங்களிடம் மட்டும் இருந்த அளவுகோல் சிறியவர் கைக்கும் வந்தது என்பது உண்மையான நன்மை. ஒரே ஒரு பௌர்ணமிக்கு மட்டும் உயிர் வாழும் விளம்பரத்துக்கு, கிழித்தெறியக்கூடிய முகவரி தகுதியான முகவரிதான்.

ஆனால் அந்த முகவரிகள் இரவல் வாங்கியவை. 2009 ஆகஸ்டில் டிரிம் என்ற சுருக்குச் சேவை மூடப்போவதாக அறிவித்தபோது அதன் இணைப்புகளை நம்பியவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கிளிக்ஸ் என்ற சேவைக்குள் யாரோ நுழைந்து சுமார் 22 லட்சம் இணைப்புகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொருவர் கதவையும் உடைக்கத் தேவையிருக்கவில்லை, பதிவேட்டின் கதவு ஒன்று போதுமானதாக இருந்தது. பிட்லி முதலான பல சேவைகள் பயன்படுத்திய ‘எல்ஒய்’ என்ற முடிவு லிபிய நாட்டுக்குரியது. 2010இல் லிபியப் பதிவாளர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி அவற்றில் ஒரு சேவையின் முகவரியைப் பறித்தபோது, எங்கோ எழுதிய ஒரு விளம்பரத்தின் ஆயுள் திரிப்போலியில் முடிவாகலாம் என்று தெரிந்தது. பெரிய நிறுவனமாயிற்றே என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. 2009 டிசம்பரில் கூகுள் தொடங்கிய சுருக்கி 2019 மார்ச்சோடு புதிய இணைப்பு தருவதை நிறுத்தியது. பழைய இணைப்புகளும் 2025 ஆகஸ்டு 25க்குப் பின் இயங்கா என்று 2024இல் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு, 2024இன் இறுதியில் பயன்பாட்டில் இருந்தவை மட்டும் தொடரும் என்று தளர்த்தினார்கள். இந்தத் தளர்வைத் திருவண்ணாமலையின் நாட்காட்டியோடு ஒட்டிப் பாருங்கள். ஆண்டுக்கொருமுறை சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் ஆட்கள் தேடி வரும் ஓர் அன்னதான அறிவிப்பின் இணைப்பு, ஆண்டின் கடைசி மாதங்களில் பார்த்தால் செத்ததாகவே தோன்றும். திருவிழா ஊரின் காலக்கணக்கு கலிபோர்னியாவின் அளவுகோலில் விழாது. புத்தகத்தின் பின்னட்டையிலும் இரும்புப் பலகையிலும் அப்படி ஓர் இணைப்பை அச்சிட்டவர்களுக்குத் திருத்தவும் வழியில்லை.

இதைவிடக் கனமான கேடு ஒன்று இருக்கிறது. புனிதத் தலத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் அந்நியர், ஒருமுறை வருகிறவர், அறைக்கோ வாகனத்துக்கோ முன்பணத்தை முன்கூட்டியே அனுப்புகிறவர். பொருளைக் கண்ணால் பார்த்துப் பணம் கொடுத்த வி.பி.பி. காலத்துப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. பரணி தீபத்துக்கும் மகா தீபத்துக்கும் கட்டணச் சீட்டு இணையத்தில் விற்கப்படும் இந்நாளில், சீட்டு இங்கே கிடைக்கும் என்று வரும் சுருக்கு இணைப்பு அறநிலையத் துறையின் தளத்துக்குப் போகிறதா, மோசடிக்காரரின் பக்கத்துக்குப் போகிறதா என்று சொடுக்குவதற்கு முன் அறிய வழியில்லை. 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், கேதார்நாத், சோம்நாத் போன்ற தலங்களுக்குப் போகும் பக்தர்களைக் குறிவைத்துப் போலித் தளங்களும் கட்டண விளம்பரங்களும் உலவுவதாக வெளிப்படையாக எச்சரித்தது. புகார் சொல்ல 1930 என்ற எண்ணையும் நினைவூட்டியது. 2024 அக்டோபர் 1 முதல், முன்பதிவு செய்து ஒப்புதல் பெறாத இணைப்பு கொண்ட வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. கூகுள் தன் விளம்பரங்களில், காட்டப்படும் முகவரியின் தலையும் போய்ச் சேரும் பக்கத்தின் தலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. விளம்பரம் விற்பதையே பெருந்தொழிலாகக் கொண்ட நிறுவனமே தலையை மறைப்பதை ஏற்கவில்லை என்பது இந்த வழக்கில் வலுவான சாட்சியம். பொதுச் சுருக்கியின் பெயரை நல்லவரும் மோசடிக்காரரும் சேர்ந்து பயன்படுத்துவதால், மோசடிக்காரர் சேர்த்த கெட்ட பெயரால் நேர்மையான லாட்ஜின் செய்தியும் வடிகட்டிகளில் சிக்கிக்கொள்கிறது.

நீண்ட முகவரி மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்கள் உண்டு. அறநிலையத் துறை தளம்போலவே தோன்றும் பெயரில் ஒரு தளத்தைப் பதிவு செய்துவிட்டு முழு முகவரியோடு ஏமாற்றுவதும் நடக்கிறது. கைபேசித் திரையில் முகவரியை யார் படிக்கிறார்கள் என்பதும் அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. நீளம் உண்மைக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் தெரியும் தலையைச் சோதிக்க முடியும், மறைந்த தலையைச் சோதிக்க முடியாது. நூறு பேரில் ஐந்து பேர் படித்தாலும் அந்த ஐவர் மற்றவர்களை எச்சரிப்பார்கள். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்களும் அன்று ஊரில் சிலரே. அந்தச் சிலர் படிக்க முடிந்தது என்பதே மற்றவர்களுக்குக் காவலாக இருந்தது. முகவரி சின்னதாக வேண்டுமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிட்லியின் வழக்கமான இணைப்பு, பெயரும் சாய்கோடும் ஏழெழுத்துக் குறியும் சேர்ந்து 14 எழுத்து. அறநிலையத் துறைத் தளமுகவரியின் தலையும், புள்ளிகள் உட்பட, சரியாக 14 எழுத்து. தலையைச் சுருக்கி மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. நீளமெல்லாம் வாலில்தான் இருக்கிறது, அதை வெட்டுவதற்குத் தலையை மறைக்க வேண்டியதில்லை.

எல்லோராலும் சொந்தமாக ஒரு தளமுகவரி வைத்துக்கொள்ள முடியுமா என்பது இன்னும் கடினமான மறுப்பு. ‘இன்’ என்று முடியும் ஒரு பெயரின் ஆண்டுக் கட்டணம் பௌர்ணமி நாளின் ஓர் அறை வாடகைக்குள் அடங்கிவிடும். அந்தப் பெயரின் கீழேயே ஏழெழுத்து வால்களை உருவாக்கி, சென்னைக்கு ஒன்று பெங்களூருக்கு ஒன்று என்று எண்ணிக்கொள்ளவும் செய்யலாம். பழைய அஞ்சல்வழி வணிகரின் ‘பிரிவு 12’ இப்படித்தான் வேலை செய்தது. லாட்ஜுக்கும் பயண நிறுவனத்துக்கும் இது சுமையாகாது. ஆனால் பாதையோரத்தில் நெய் விளக்கு விற்கிறவருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் இந்த யோசனை உதவாது என்பதை மறைக்கக் கூடாது. அவர்களுக்குத் தொலைபேசி எண்ணே முகவரி. அந்தப் பத்து இலக்கத்தை அப்படியே அச்சிடுவது எந்தச் சுருக்கு இணைப்பையும்விட நேர்மையானது, அழைத்தால் குரல் கேட்கும். மாதக் கட்டணத்தில் க்யூஆர் கட்டம் செய்து தருகிறவர்களிடம் இவர்கள் சிக்கும்போதுதான் இழப்பு நேர்கிறது. அந்தக் கட்டத்துக்குள்ளும் ஒரு சுருக்கு இணைப்பே ஒளிந்திருக்கிறது. சந்தா நின்றால் பலகையில் கட்டம் இருக்கும், வழி இருக்காது. பௌர்ணமி இரவில் கூட்ட நெரிசலில் இணைய வேகம் குன்றும்போது, இடையில் ஒரு வாசல் கூடுவதால் ஆகும் தாமதமும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இரவல் பதிவேட்டைத் தவிர்க்கவே முடியாதவர்களுக்கு, அந்தப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. 2019இல் விக்கிமீடியா நிறுவனம் தொடங்கிய குறுமுகவரிச் சேவை தன் தளங்களுக்கு மட்டுமே சுருக்கம் தருகிறது; அதனால் தலை மறைந்தாலும் போகும் வீடு தெரியும். எந்தக் குறி எந்தப் பக்கம் என்ற முழுப் பட்டியலையும் யாரும் நகலெடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது. நிறுவனம் நாளை இல்லாமல் போனாலும் பட்டியல் பிழைக்கும். 2009இல் இணைய ஆவணக் காப்பகம் சுருக்குச் சேவைகளின் பட்டியல்களைப் பாதுகாக்கத் தொடங்கிய முயற்சியும் இதே நோக்கம் கொண்டது. தமிழகத்துக்கு இது புதிய யோசனை அல்ல. திருமழபாடிக் கோயில் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்களிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. சுவர் போனாலும் அதில் இருந்த முகவரிகளும் உரிமைகளும் போகக் கூடாது என்பதை இடிப்பவரே தம் பொறுப்பாகக் கொண்டார்கள். கூகுள் சுருக்கியின் கெடு நெருங்கிய 2025இல் பட்டியல் அப்படி வெளியே வரவில்லை. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு, வரக்கூடிய எழுத்துச் சேர்க்கைகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எந்தக் குறி எங்கே போகிறது என்று கோடிக்கணக்கில் குறித்துக்கொண்டது.